இரத்தத்தில் வந்த கொழுப்பு

சிவபாலனின் தகப்பன் முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பால் போனவர். அந்தப் பயத்தில் சிவபாலன் இளம் வயதிலேயே இறைச்சியை விட்டார், பொரியலை விட்டார், தினமும் விடிய எழும்பி வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்தார். கொட்டாஞ்சேனையில் இருந்த அண்ணன் ஞானசம்பந்தம் அப்படியில்லை. தம்பி வீட்டுக்கு வரும்போதே மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்து, தானே நாலைந்தைச் சாப்பிட்டுவிடுவார்.

"அப்பாவை மறந்திட்டியளோ அண்ணா?" என்று தம்பி ஒவ்வொரு முறையும் கேட்பார்.

நாற்பத்தொன்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் சிவபாலன்தான். அடைபட்ட இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள். பார்க்க வந்த அண்ணன் கட்டிலோரம் இருந்தார். சிவபாலன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு இருவரின் இரத்தத்தையும் சோதித்துவிட்டு டாக்டர் நேசமலர் விளக்கினார். "இது பரம்பரையா வாறது. பிறந்ததிலயிருந்தே உங்கட இரத்தத்தில கொழுப்புக் கூட. அப்பாட்டயிருந்து உங்களுக்கு வந்திருக்கு, அண்ணாவுக்கு வரேல்லை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் வாயைக் கட்டினது வீண்தானே?"

"அப்பா முப்பத்தெட்டில போனவர். நீங்கள் நாற்பத்தொன்பதில என்னோட இருந்து கதைக்கிறியள். நடையும் சாப்பாடும் உங்களைத் தாங்கியிருக்கும். ஆனா அது மட்டும் காணாது, மருந்தும் வேணும்." டாக்டர் பேனையை வைத்தார். "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

பதினாலு வயது அஷ்வினி இருந்தாள். அவளுடைய இரத்தச் சோதனை ரிப்போர்ட் வந்த பின்னேரம் சிவபாலனுக்கு அதை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவளே வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கும் இருக்கோ அப்பா?"

"ஓம். என்னட்டயிருந்து வந்தது."

"நீங்கள் வேணுமெண்டு தரேல்லைத்தானே."

பக்கத்தில் இருந்த ஞானசம்பந்தம் தம்பியின் தோளில் கையை வைத்தார். "உனக்கு இப்பதான் தெரிய வந்தது. இவளுக்குப் பதினாலிலயே தெரிஞ்சிட்டுது. அது எவ்வளவு நல்லது, யோசிச்சுப் பார்."

அஷ்வினி மருந்து எடுக்கத் தொடங்கினாள். அடுத்த சனிக்கிழமை சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் புறப்பட்டவள், கேக் சாப்பிடலாமோ என்று வாசலில் நின்று கேட்டாள். வேண்டாம் என்ற சொல் சிவபாலனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒரு துண்டு சாப்பிடு," என்றார்.

ஆறு மாதம் கழித்து அவளுடைய கொழுப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அவள் ரிப்போர்ட்டை ஒருதரம் பார்த்துவிட்டு டியூஷனுக்கு ஓடிவிட்டாள். சிவபாலன் அதை மூன்று தரம் வாசித்தார்.