கதவில்லாத விளையாட்டு

மேஸ்திரி தன் வீட்டு வாசலுக்கு ஆறு படி வைத்ததற்கு ஒரே காரணம், கம்பீரம். மழைத்தண்ணீர் ஏறாது என்று கேட்பவர்களிடம் சொல்லுவார், அதெல்லாம் சாக்கு. இருபது வருஷமாக அந்தப் படிகளில் அவர் மனைவி ஓட்டமாக ஏறி ஓட்டமாக இறங்கினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் என்பதால் தெருவே அவளை லென்ஸக்கா என்று கூப்பிடும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு லாரி அவள் ஸ்கூட்டரை இடித்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் மேஸ்திரி ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கமுமாக நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்குவார்கள். லென்ஸக்கா கண்ணை மூடிக்கொள்வாள். விழுந்துவிடுவோம் என்ற பயமல்ல, வெட்கம். கடை முதலாளி, "மாசக் கடைசி வரைக்கும் உங்க இடத்துல யாரையும் போடலக்கா. அதுக்கு மேல என்னால முடியாது" என்று சொல்லியிருந்தார். கடையில் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் தினமும் இரண்டு பேர் மூட்டை மாதிரி தூக்கித்தான் போக வேண்டுமென்றால் அவள் போகப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தானாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம்.

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. படிமேல் சரிவு ஒன்று கட்டினார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆறு படியும் சேர்ந்து மூன்று அடி, அதற்கு முப்பத்தாறு. வாசலில் இருந்தது எட்டே அடி. கட்டிய சரிவில் நாற்காலியை விட்டால் நேரே எதிர்வீட்டுக்குள் போய்த்தான் நிற்கும். இரண்டாம் நாளே தன் கையாலேயே உடைத்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

வெளியூரில் படிக்கிற மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. கட்டை மேல் கட்டை வைத்துக் கட்டுவது. பொழுது போகாமல் லென்ஸக்கா தன் வீட்டையே அதில் கட்ட ஆரம்பித்தாள். ஒரு கட்டைக்கு அரை அடி என்று கணக்கு. அவளிடம் கண்ணாடிக்கடைத் துல்லியம் இருந்தது. சுவருக்குச் சுவர் நாடா பிடித்து அளந்தாள். விளையாட்டில் கட்டில் கிடையாது என்பதால் வெள்ளைக் கம்பளிக் கட்டைகளை அடுக்கிக் கட்டிலாக்கினாள். அடுப்புக்குக் கரிக்கட்டை. பீரோவுக்குப் புத்தக அலமாரி.

"அம்மா, அது ரொம்பப் பழசும்மா" என்றாள் மகள் போனில். "அதுல சரிவு வைக்க முடியாது. படியே ஒழுங்கா வராது. கதவுகூடக் கிடையாது."

"கதவு இல்லாம எப்படிடி உள்ள போறது?"

"ஓட்டை விடணும். ஓட்டைதான் கதவு."

ஒரு கட்டை உயரம் ஏற வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தாவ வேண்டும். லென்ஸக்கா அந்தப் பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். 'எனக்கில்லாத தாவல் உனக்கெதுக்கு?' என்று திரையிலிருந்த ஆளைத் திட்டினாள். தாவாமல் தெருவுக்குப் போக முடியுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. முன்பக்கம் தலைகீழாக நின்றாலும் நடக்கவில்லை. விழலாம், ஏற முடியாது.

அந்த விளையாட்டின் உலகமும் சின்னது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருநூற்றைம்பத்தாறு கட்டைதான். வீட்டைக் கட்டி, முன்தெருவைக் கட்டி முடித்தும் பின்னால் கொஞ்சம் இடம் மிஞ்சியது. வெறுமனே விடுவானேன் என்று வீட்டின் பின்னாலிருந்த சந்தும் போட நினைத்தாள். குப்பை வண்டி வந்து போகிற சந்து, அவள் கடை இருக்கிற கடைத்தெருவில் போய் முடியும். அதன் தரை எவ்வளவு உயரம்? நாற்காலியை உருட்டிக்கொண்டு மேஸ்திரியின் சாமான் அறைக்குப் போய், சிமெண்டு மூட்டைகளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்தாள். கூடத்து ஜன்னலில் போகிறவர்களின் தலைவகிடுதான் தெரியும். இங்கே, சந்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவரின் இடுப்பு பெல்ட் ஜன்னல் விளிம்புக்குச் சரியாக நின்றது.

மனசுக்குள் கணக்குப் போட்டாள். உள்ளே தரையிலிருந்து ஜன்னல் விளிம்பு மூன்றடி. வெளியே நிற்கிற ஆளின் இடுப்பும் மூன்றடி. அப்படியானால் சந்து முன்தெருவைவிட மேடு.

திரும்பி வந்து திரையில் சந்தின் தரையை வீட்டுத் தரைக்குச் சமமாகப் போட்டாள். ஜன்னல் கண்ணாடியையும் அதன் கீழே இருந்த கட்டைகளையும் எடுத்தாள். அந்த விளையாட்டில் ஜன்னலுக்கும் வாசலுக்கும் பெரிய வித்தியாசமில்லை, இரண்டும் ஓட்டைதான். திரையிலிருந்த ஆள் தாவாமல் கொள்ளாமல் நடந்து போய்ச் சந்தில் நின்றான்.

சாயங்காலம் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சாமான் ரூம்ல வாசலா? பார்க்கிறவன் சிரிப்பான். என் மூட்டையெல்லாம் எங்க வைக்கிறது?"

"படியெல்லாம் சும்மாதான கிடக்கு, அங்க அடுக்குங்க."

"பொம்மைய வச்சு எனக்கே கட்டடம் சொல்லித் தர்றியா?"

"பொம்மைய நம்பாதீங்க. உங்க டியூப்ல தண்ணி விட்டுப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே மட்டம் பார்க்கிற டியூபை எடுத்துவந்தார். ஒரு முனையை அறைக்குள் அவள் பிடித்தாள், மறுமுனையை ஜன்னல் வழியாக இழுத்துச் சந்தில் அவர் பிடித்தார். டியூபில் தண்ணீர் ஆடி நின்றது. தரையிலிருந்து இருவரும் அளந்தார்கள். இரண்டு விரற்கடை வித்தியாசம், அவ்வளவுதான். மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்" என்றார் சந்தில் நின்றபடியே. "இந்தச் சுவரைக் கட்டினதே நான்தான்."

அவர் அழுதுவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. "உடைக்கவும் நீங்கதான் வேணும்" என்றாள்.

மறுநாள் விடிந்ததுமே உடைத்தார். மூன்று நாளில் நிலை வைத்து, கதவு போட்டு, அந்த இரண்டு விரற்கடைக்கும் சிமெண்டு பூசிச் சரிவாக்கினார். திங்கட்கிழமை காலை பழக்கத்தில் நாற்காலியின் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"கைய எடுங்க" என்றாள். எடுத்தார். அவள் தானே உருட்டிக்கொண்டு சந்து முனைவரை போய் வளைந்தாள். கடைத்தெரு அவளை வாங்கிக்கொண்டது.

அன்றைக்கு மேஸ்திரி வேலைக்குப் போகவில்லை. நாலு மணியிலிருந்து கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். ஆறரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் முன்வாசலைத் திறந்தார். ஆறு படியும் காலியாக இருந்தன. வீட்டின் பின்னாலிருந்து மறுபடியும் தட்டினாள்.

"ஏங்க, வாசல் இந்தப் பக்கம்!"