ஃபெயிலான வண்டி

'ஃபெயில்' என்று அச்சடித்த காகிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் கணவர் தினகரன் கை கழுவப் போனார். ஏதோ பரீட்சையில் நான் தோற்றது மாதிரி.

"புகை டெஸ்ட்ல அளவு தாண்டிப் போச்சு ஜோதி. இருபத்தேழு வருச மாருதி, ரிப்பேர் பண்ணியும் பிரயோசனமில்ல. எடைக்குப் போட்டரலாம். நீயும் வேலைய உட்டுட்டு ஊட்ல நிம்மதியா இரு."

கேட்டீர்களா கதையை! வண்டி புகைத்தால் எனக்கு ஓய்வாம். நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். கொழுந்து பறிக்கிறவர்கள் மலையேறுவதற்கு முன்னால், ஏழு மணிக்கு, கதவைத் திறந்தாக வேண்டும். நாங்கள் இருக்கிற அருவங்காட்டிலிருந்து அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான். வண்டி போனால் வேலையும் போச்சு. பதினோரு வருஷமாக இது அவருக்குத் தெரியும். போன மாதம் கொழுந்து பறிக்கிற இசக்கியம்மாவைக் காட்டெருமை முட்டியபோது, அதே வண்டியின் பின்சீட்டில் படுக்கவைத்துக் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவள் நான். அன்றைக்கு ஒருத்தரும் புகையை அளக்க வரவில்லை. ஏற்றத்தில் லாரிகள் கக்குகிற கரியில் ரோட்டோரத் தேயிலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அவற்றுக்கெல்லாம் சர்டிபிகேட் உண்டு. என் வண்டிதான் மலையைக் கெடுக்கிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மெக்கானிக் லூயிஸிடம் கொண்டுபோனேன். அவன் எஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்தான். துணி வெள்ளையாகவே இருந்தது.

"வண்டில ஒண்ணுமில்லீங்க்கா. டெஸ்டுக்கு யாரு எடுத்துட்டுப் போனது?"

"அவருதான்."

லூயிஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே காட்டினான். சோக் குமிழின் கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. குளிருக்கு அந்தக் குமிழை இழுத்தால்தான் எங்கள் ஊரில் காலையில் வண்டி கிளம்பும். சூடானதும் உள்ளே தள்ளிவிட வேண்டும். தள்ளாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகப் போய்க் கரும்புகைதான். இழுத்த குமிழில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொள்வது எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்காரர்கள் பலருக்கும் பழக்கம். என் வீட்டுக்காரருடையது மஞ்சப்பை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, டெஸ்டுக்கு முன்னால சோக்க உள்ள தள்ளுனீங்களா?"

பேப்பரிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "பை மாட்டியிருந்துச்சு. மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம்! ஃபேக்டரியில் இவருக்கு வேலையே அளவு பார்ப்பது. மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷன்.

"மறந்தீங்களா, மறக்கணும்னு இருந்தீங்களா?"

பேப்பரில் ஒரு பக்கம் மட்டும் திரும்பியது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு நானே வண்டியை எடுத்தேன். "நீங்களும் வாங்க," என்றேன். டெஸ்ட் முடித்து அப்படியே ஷிஃப்டுக்குப் போவதாகச் சொல்லி, சாப்பாட்டுப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில், எஞ்சின் சூடானதும் குமிழை உள்ளங்கையால் அழுத்தித் தள்ளினேன். சற்று நேரத்தில், பழக்கத்தில் அவர் கை பையோடு அங்கே நீண்டது.

"மடியில வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டார். டெஸ்ட் எடுக்கும் பெண் குழாயைச் சைலன்சருக்குள் செருகினாள். மிஷின் கரகரவென்று காகிதத்தைத் தள்ளத் தொடங்கியது. அவர் மஞ்சப்பையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.