வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

ஃபென்னாவின் முனைவர் பட்டத் தேர்வில், எங்கள் டச்சு வழக்கப்படி, தோழியாக அவள் பக்கத்தில் நின்றேன். எதிரே கறுப்பு அங்கியில் பேராசிரியர்கள்.

அவளது ஆய்வு இதுதான். உதவித்தொகை வாங்குபவர்களில் யார் ஏமாற்றுகிறார்கள் என்று நகராட்சியில் ஒரு கணினி சொல்கிறது. கடைசி முடிவு மனிதருடையது என்று நகராட்சி சத்தியம் செய்கிறது. ஃபென்னா ஒரு வருடம் அங்கே உட்கார்ந்து பார்த்தாள். 'சரி' பொத்தானை அழுத்துவதைத் தவிர அந்த மனிதர் வேறெதுவும் செய்யவில்லை.

பேராசிரியர் ஹூக்ஸ்ட்ரா கண்ணாடியைக் கழற்றினார். "மறுக்கவே மறுக்காத ஆள் மேற்பார்வைக்காரர் இல்ல, வெறும் அலங்காரம்னு எழுதியிருக்கீங்க. நல்லதும்மா. இந்த மண்டபத்துல இதுவரைக்கும் யாருக்காவது பட்டம் கிடையாதுன்னு நாங்க சொல்லியிருக்கோமா?"

மண்டபமே சிரித்தது. ஃபென்னா சிரிக்கவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தடியோடு உள்ளே வந்த சடங்கு அலுவலர் தரையில் ஓங்கித் தட்டி, நேரம் முடிந்தது என்று அறிவித்தார். அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

முடிவெடுக்கப் பேராசிரியர்கள் வரிசையாக வெளியே போனார்கள்.

"தப்பிச்சடி!" என்றேன்.

"போடி! பதில் நாக்கு நுனியில இருந்துச்சு. கெடுத்துட்டாரு அந்தத் தடிக்கார மனுஷன்."

நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். ஹூக்ஸ்ட்ராவின் கையில் பட்டச் சுருள். அதில் அவள் பெயர் போன வாரமே அச்சாகியிருந்தது.

ஃபென்னா என் காதோரம் குனிந்தாள். "பாருடி, 'சரி'யை அழுத்திட்டு வந்துட்டாங்க."