காவல்காரி போட்ட பூஜ்ஜியம்

கடலோரக் காட்டில் நோய் விழுந்து மூன்று வருஷம். பட்டை வெடித்து, கிளை காய்ந்து, பாதி மரங்கள் சரிந்துவிட்டன. இனி இது தேறாது, புல்டோசரை விட்டு வழித்துவிட்டு வேறு மரம் நடலாம் என்று அலுவலகம் முடிவு கட்டியது. அதற்கு ஆதாரம் வேறொன்றுமில்லை, காட்டுக் காவல்காரி தன் கையாலேயே எழுதிக் கொடுத்த தாள்: மாதிரிக்கு எண்ணிப் பார்த்த இருபது சதுரத்திலும் தானாக முளைத்த கன்று, பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியம் எப்படி வந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். சுத்தம் என்றால் அவளுக்கு உயிர். கயிறு கட்டிச் சதுரம் போடுமுன் விழுந்த கிளைகளை இழுத்துப் போட்டு, சருகை விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் எண்ணினாள். மேலதிகாரியான ரேஞ்சர் மெச்சிக்கொண்டார், இவளுக்குத் தலைகால் புரியவில்லை. போன வாரம் செருப்பு வார் அறுந்து, சாய்ந்த மரமொன்றின் மேல் உட்கார்ந்து குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. கிளைகளுக்கு அடியில், மான் வாய் எட்டாத நிழலில், விரல் உயரத்துக்குக் கன்றுகள். அப்படியானால் அன்றைக்குப் பெருக்கித் தள்ளியது சருகை மட்டுமா? அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஓடிப்போய்ச் சொன்னாள். எழுதினது எழுதினதுதான், கடைசி நேரத்தில் கதை விடாதே என்றார் ரேஞ்சர்.

இன்று காலை புல்டோசர் வந்துவிட்டது. ஓட்டி வந்தவன் அவள் கொழுந்தன். அதன் முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, எந்திரிங்க. என் பொழப்புல மண்ணப் போடாதீங்க."

"ஏத்திட்டுப் போடா. அப்புறம் உங்க அண்ணனுக்கு நீயே சோறு பொங்கிப் போடு."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ஜினை அணைத்தான். கூட வந்திருந்த ரேஞ்சர் தாம் தூம் என்று குதித்தார், வேலை போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்றாள் அவள். ஒரே ஒரு சதுரம், ஒரு சுள்ளியைக்கூட நகர்த்தாமல் நீங்களே எண்ணுங்கள், பூஜ்ஜியம் வந்தால் நானே எழுந்து போகிறேன் என்றாள்.

தொல்லை விட்டால் சரி என்று அவர் கயிறு கட்டினார். கிளையை விலக்கக் கை போனது.

"தொடாதீங்க சார்."

வேறு வழியில்லாமல் குப்புறப் படுத்து, கிளைக்கு அடியில் முகத்தை நுழைத்தார். விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார்.

"முப்பத்தொண்ணு," என்று குரல் வந்தது. "இரும்மா, இன்னும் இருக்கு."

சட்டையெல்லாம் மண்ணாக எழுந்தவர், விட்டுக்கொடுக்க மனசில்லாமல், இதற்கும் நோய் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"வந்தா நோய் கொல்லட்டும் சார். நாம கொல்ல வேணாம். ஒரு தடவ நான் கொன்னது போதும்."

ஆதாரமென்று அவர் கொண்டுவந்திருந்த பழைய தாளை வாங்கி, பூஜ்ஜியத்தின் மேல் கோடு போட்டாள்.