மூச்சோடு அசைந்த கோடு

ஈசிஜி இயந்திரத்திலிருந்து வந்த தாளைத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். சில துடிப்புகள் நெருக்கமாக, அடுத்த சில தள்ளித் தள்ளி, மறுபடி நெருக்கமாக. அவர் கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள் இப்படித் தையல் ஓட்டியிருந்தால் பிரித்துப் போடச் சொல்லியிருப்பார். போர்வைக்குள்ளிருந்து ஒயர்கள் நீள, அவர் மனைவி கண்மூடிப் படுத்திருந்தாள்.

"துடிப்பு ஒழுங்கா இல்லையே," என்றாள் ஈசிஜி எடுக்கும் பெண். "டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்."

மனைவி டவர் கிரேன் ஓட்டுபவள். கம்பெனி வாங்கியிருக்கும் புது கிரேன் ஊரிலேயே உயரமானது. அதில் ஏற மருத்துவச் சான்று வேண்டும். கிடைக்காவிட்டால் கீழே ஸ்டோர் ரூமில் உட்கார வைத்துவிடுவார்கள். அவளைக் கீழே உட்கார வைப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காலையிலிருந்து வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும், "நம்ம வீட்டம்மாவுக்கு ஆகாசத்துலதான் ஆபீஸ்" என்று பீற்றிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியா?"

"பயமா? உங்க கடை ஸ்டூல்ல ஏறத்தான் எனக்குப் பயம். ஒரு கால் ஆடுது."

"அப்புறம் ஏன் இப்படி வருது?"

"எனக்கென்ன தெரியும்? நிதானமாத்தான் படுத்திருக்கேன்."

டாக்டர் அம்மா வந்தார். தாளைப் பார்த்தார். பிறகு வெகுநேரம் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல உயர்ந்து, அதைவிட மெல்லத் தாழ்ந்தது.

"எப்பவும் இப்படித்தான் மூச்சு விடுவீங்களா?"

"பாரம் இறக்கும்போது விடுவேன் டாக்டர். நல்லா இழுத்துட்டு, விட்டுக்கிட்டே இறக்குவேன். மூச்சு பதறினா கை பதறும். கீழே ஆளுங்க நிப்பாங்க இல்ல? இங்கேயும் கோடு ஆடிடக் கூடாதேன்னுதான்..."

"அதனாலதான் ஆடியிருக்கு," என்று டாக்டர் சிரித்தார். "இப்ப கொஞ்சம் மூச்சைப் பிடிங்க."

பிடித்தாள். துடிப்புகள் ஒரே சீராக வந்தன.

"மூச்சை இழுக்கும்போது இதயம் வேகமாகும், விடும்போது நிதானமாகும். எல்லாருக்கும் உள்ளதுதான். நீங்க இவ்வளவு ஆழமா விடுறதால பளிச்சுன்னு தெரியுது. இந்த வயசுல இப்படித் தெரியறது அபூர்வம்."

"அப்ப ஏறலாங்களா?" தையல்காரர் முந்திக்கொண்டார்.

"நீங்களா ஓட்டுறீங்க?"

"இல்லைங்க. நான் கீழே நின்னு பெருமைப்படற ஆளு."

"தாராளமா ஏறட்டும். கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

டாக்டர் போனதும் அந்தப் பெண் தயங்கினாள். "அக்கா, இன்னொரு தடவை அப்படி விடுறீங்களா? நான் பார்க்கணும்."

மனைவி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். துடிப்புகள் நெருங்கி வந்தன. பிறகு விடத் தொடங்கினாள். கட்டிலின் விளிம்பில் அவளுடைய வலது கை, கிரேனின் நெம்புகோலைப் பற்றியிருப்பதுபோல், இம்மி இம்மியாக முன்னால் நகர்ந்தது. தாளில் இடைவெளிகள் அகன்றுகொண்டே போயின. தையல்காரரும் அந்தப் பெண்ணும் குனிந்து பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெரும்பாரம், தூசி கிளம்பாமல், தரையைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது.