கண்ணாடிக்கு மட்டும் வேறு வானம்

இன்னும் கட்டாத கட்டடங்களுக்குப் படம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு. சுவர், படி, மரம் எல்லாம் கணினியில் சமர்த்தாக வந்து நிற்கும். ஜன்னல் கண்ணாடிதான் உயிரை வாங்கும். பிரதிபலிக்க எதிரே ஒன்றும் இல்லையென்றால் வெறும் கரிக்குழியாகத் தெரியும். அதனால் கட்டடத்தைச் சுற்றி ஓர் உருண்டைப் படத்தைப் போர்த்துவார்கள். அதில் மேகம் இருந்தால் கண்ணாடியில் மேகம், குப்பைத்தொட்டி இருந்தால் குப்பைத்தொட்டி.

இந்தப் பன்னிரண்டு மாடிக்கு அவனே நேரில் போய், காலி மனை நடுவில் கேமராவை நிறுத்தி நாலாபுறமும் எடுத்து வந்திருந்தான். அதைப் போர்த்தியதும் கண்ணாடிகளிலெல்லாம் எதிர் வரிசை வீடுகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்றாவது வீடு அவனுடைய அக்கா வீடு. அதன் முன்ஜன்னல் ஓரமாக அத்தான் படுத்திருக்கிறார். வாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்தைக்கூடத் தானாகத் திருப்ப முடியாது. அக்கா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். அதுவரை அந்தத் தெருதான் அவருக்குப் பேச்சுத்துணை.

அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! மாலை நாலரை மணிச் சூரியனை வைத்து, கணினிக்குள் இருக்கும் கேமராவை அக்கா வீட்டு ஜன்னல் இருக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தான். மேல்மாடிக் கண்ணாடிகள் மேற்கு வெயிலை வாங்கி நேராகக் கட்டில்மேல் கொட்டின. படமே வெளுத்துப்போயிற்று. தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தான். வருஷத்தில் ஐந்து மாதம், தினமும் முக்கால் மணி நேரம், முகத்தைத் திருப்ப முடியாத மனிதரின் கண்ணில் வெயில்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, அதுதான் தொல்லை. அனுமதி வாங்கப் போகிற படத்தில் பழைய வீடுகள் எதற்கு, கண்ணாடிக்கு மட்டும் வேறு வானம் போடு என்றார். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். சுவருக்கு மாலை வெயில், கண்ணாடிக்கு மட்டும் மப்பு வானம். ஒரே சொடுக்கில் வீடுகளும் போயின, கண்கூசும் வெயிலும் போயிற்று. வெளுத்த படத்தை ஒரு மூலையில் சேமித்து வைத்தான், அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. படம்தானே, கட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். என்ன ஒரு சமாதானம்!

மூன்று வாரம் கழித்து அனுமதிக் கூட்டம். முதலாளியோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனவன், பார்வையாளர் வரிசையில் அக்காவைக் கண்டு திகைத்துப்போனான். கையில் இரண்டு பக்க ஆட்சேப மனு, தலைப்பில் 'கண்ணாடி வெயில்' என்று கொட்டை எழுத்து. அவள் வருவாள் என்று அவனுக்குத் தெரியாது. இந்தப் படம் அவன் கைவேலை என்று அவளுக்கும் தெரியாது.

திரையில் படம் எழும்பியது. சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. தலைமை அதிகாரி கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, எதிரே திறந்தவெளிதானே என்று கேட்டார். முதலாளி அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், படம் செய்தவர் இவர்தான் என்று அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். அக்கா திரையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். ஆட்சேபம் உள்ளவர்கள் யாராவது பேச வேண்டுமா என்று அதிகாரி கேட்டபோது எழுந்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மனுவை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் வேலைக்காகப் புருஷனின் கண்ணை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பது அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து நின்றான்.

"எதிர்ல திறந்தவெளி இல்லீங்க. எட்டு வீடு இருக்கு. நான்தான் படத்துலேர்ந்து எடுத்துட்டேன்."

முதலாளி சட்டையைப் பிடித்து இழுத்ததையும் பொருட்படுத்தாமல் அந்த வெளுத்த படத்தைத் திறந்து காட்டினான். எந்த மாதம், எத்தனை மணி, எந்தக் கட்டில் என்று ஒன்று விடாமல் சொன்னான். கண்ணாடிக்குத் தடுப்பு யோசித்துக்கொண்டு புதுப் படத்தோடு வாருங்கள் என்று சொல்லி அனுமதியை நிறுத்திவைத்தார் அதிகாரி. முதலாளி அவன் முகத்தையே பாராமல், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது அவனுக்கு.

வெளியே அக்கா நின்றிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தான், மடையன்.

"அந்த வெள்ளப் படம் உங்கிட்ட எத்தன நாளா இருக்கு?"

"மூணு வாரமா."

"போன ஞாயித்துக்கெழம வந்து அவருக்கு முகம் மழிச்சு விட்டியே. அப்பவும் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அவள் தலையை ஆட்டினாள். மனுவைப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவன் அக்கா, அக்கா என்று பின்னாலேயே போனான். அவள் நிற்கவில்லை.