தைத்து மூடிய பக்கம்

தையல்காரருக்கு எதையும் தைத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. மனைவி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் அவருடைய தங்கை, அண்ணன் மகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிக்கொடுத்தாள். அதில் அம்மா யானைக்கு உடம்பு சரியில்லை, குட்டி அழுகிறது. பிள்ளையும் சேர்ந்து அழுதுவிடுமே! அழுகிற பக்கங்களை மட்டும் ஒன்றோடொன்று சேர்த்து, மெஷினில் ஒரே ஓட்டாக ஓட்டி மூடிவிட்டார் மனிதர்.

பிள்ளை அழவில்லைதான். ஆனால் கண்ணுகளா, அம்மாவைப் பார்க்க டாக்டர் அனுமதித்த அன்றைக்கு, துணி வெட்டும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"வாடா செல்லம். அம்மா உன்னையே கேட்டுட்டிருக்கா."

"அது வேற அம்மா."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் இல்லை. போனில் மனைவியின் புதுப் படத்தைக் காட்டினார். மெலிந்துபோன அந்த முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அம்மா மாதிரி இருக்காங்க" என்று இன்னும் உள்ளே நகர்ந்தது பிள்ளை.

ஆஸ்பத்திரிக்குக் கூட வரக் கிளம்பி வந்த அத்தை குனிந்தாள். "யாருடி வேற அம்மா?"

புத்தகம் வெளியே வந்தது. "இங்க அம்மா யானை படுத்திருக்கு. அடுத்ததுல ஆத்துல குளிக்குது. நடுவுல அது செத்துப்போச்சு. குளிக்கிறது வேற யானை. எனக்குத் தெரியக் கூடாதுன்னு அப்பா தைச்சிட்டாங்க."

தையல்காரர் மகளுக்குத் தையல் கண்ணில் படாமல் போகுமா?

"ஏண்ணே, சட்டைக்குப் பட்டன் தைக்க நேரமில்லை, இதுக்கு மட்டும் நேரமிருந்துச்சா?"

"அழக் கூடாதேன்னு..."

"இப்ப மேஜைக்கடியில சிரிச்சிட்டா இருக்கா?"

அவர் ஊசியெடுத்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். உள்ளே, படுத்திருக்கும் அம்மாவின் தும்பிக்கையைக் கட்டிக்கொண்டு குட்டி அழுதுகொண்டிருந்தது. அம்மா யானையின் கண் திறந்திருந்தது. பிள்ளை ஓரத்துத் துளைகளை விரலால் தடவியது.

"அப்ப அதே அம்மாவா?"

"அதே அம்மாதான்."

"நம்ம அம்மாவும் ஆத்துல குளிக்க வருவாங்களா?"

தையல்காரரின் வாய்வரை வந்த 'ஆமாம்' அங்கேயே நின்றது. "தெரியலடா. டாக்டருக்கும் இன்னும் சரியாத் தெரியல."

பிள்ளை மெல்ல வெளியே வந்து செருப்பைத் தேடியது. "நான் அங்க அழுவேன். பரவாயில்லையா?"

தையல்காரர் கையிலிருந்த நூலைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "அழு. நானும் பக்கத்துலதான் இருப்பேன்."